நான் ஸ்கூட்டியிலிருந்து விழவில்லை

நான் ஸ்கூட்டியிலிருந்து விழவில்லை. எனக்கு ஸ்கூட்டி ஓட்டவே தெரியாது. வலது காலில் கட்டோடு நான் படுத்துக்கிடந்தபோது ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் மெதுவாப் போகக் கூடாதா" என்று கடிந்துகொண்ட சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் நீங்கள் கேட்ட கதை பொய்.

என் பெயர் தேன்மொழி. அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கணவர் சரவணன் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் யாழினி யு.கே.ஜி. படிக்கிறாள்.

என் பாதம் ஒருநாளும் தரையில் முழுதாகப் பதிந்ததில்லை. ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் குதிகால் ஒரு பக்கமும் முன்பாதம் ஒரு பக்கமும் தனித்தனியாக விழும். நடுவில் ஒன்றுமே இருக்காது, அவ்வளவு உயரமான வளைவு. விரல்கள் எந்நேரமும் மடங்கியே இருக்கும். குதிகால் உள்பக்கம் சாய்ந்து, உடம்பின் பாரமெல்லாம் பாதத்தின் வெளி ஓரத்தில் இறங்கும். அங்கே தோல் காய்த்துக் கல்லாகிவிட்டது. செருப்பு கழன்று விழுந்தால் நாலு அடி தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

காட்டாத டாக்டர் இல்லை. ஒருவர் வைட்டமின் ஊசி போட்டார். ஒருவர் குழந்தையில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்களா என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கணுக்கால் மடங்கி வீங்கும்போதெல்லாம் போய் நின்றால் பேண்டேஜ் சுற்றிவிடச் சொல்லி நர்சிடம் அனுப்புவார்கள். இன்னொருவர் என் முகத்தைப் பார்த்தபடியே, "வீட்டுல ஏதும் பிரச்சனையாம்மா?" என்றார். வீட்டில் பிரச்சனை இல்லை ஐயா, காலில்தான் பிரச்சனை. மேஜைக்கு அந்தப் பக்கம் எழுந்து வந்து குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பள்ளியில் இன்னொரு கூத்து. வகுப்பறைகளில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடக்காது என்பது கரெஸ்பாண்டன்ட் சாரின் கொள்கை. ஆண்டு விழாவில் எல்லா டீச்சர்களும் குழந்தைகளை மேடைக்குக் கூட்டிப்போனபோது என்னை மட்டும், "நீங்க மேக்கப் ரூம்லயே இருங்க மிஸ், வீடியோ எடுக்குறாங்க" என்றார்கள். அப்போது நான் சிரித்துவிட்டுத் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையல் செய்துகொண்டிருந்தேன். சரவணன் வாசலில் நின்றபடி, "தேனு, அப்படியே நில்லு. நகராத" என்றார். வாசலிலிருந்து அடுப்படி வரை தரையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். என் வலது பாதத்தில் ஒரு டிராயிங் பின், தலை வரைக்கும் இறங்கிக்கிடந்தது. பள்ளியில் சார்ட் ஒட்டும்போது ஏறியிருக்க வேண்டும். அதோடுதான் பஸ் ஏறி, இறங்கி, கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்திருக்கிறேன்.

"வலிக்கலையா ஒனக்கு?" என்றார் சரவணன்.

"இல்லையே."

மறுநாள் அவர் லோடு எடுக்கவில்லை. என்னையும் என் அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்பா அறந்தாங்கியில் சின்னதாக ஒரு பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். "நானும் வாரேன்" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சிரிக்காத முகம். "செருப்பக் கழட்டுங்க. அங்கிட்டுப் போயிட்டு இங்கிட்டு நடந்து வாங்க" என்றார். நடந்தேன். ஒரு மரக்கட்டையைத் தரையில் போட்டு, குதிகாலும் பாதத்தின் வெளி ஓரமும் அதன்மேல் இருக்க, பெருவிரல் பக்கம் மட்டும் கீழே தொங்கும்படி என்னை நிற்கச் சொன்னார். அப்படி நிற்கும்போது சாய்ந்த குதிகால் நேராகிறதா என்று பார்க்கும் சோதனையாம் அது. நேரானால் எலும்பு இன்னும் முழுக்க இறுகவில்லை என்று அர்த்தம். பார்ப்பதற்காக என் பின்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். முப்பது வயது தாண்டி, முதல் முறையாக ஒரு டாக்டர் என் காலுக்கு நேராகக் குனிந்தார்.

"நேராகுது" என்று எழுந்து, என் கையைப் பிடித்துக் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையை அழுத்திப் பார்த்தார். "சட்டை பட்டன் போடக் கஷ்டமா இருக்கா?"

"சின்ன பட்டன்னா கஷ்டம்தான் சார்."

"வீட்டுல வேற யாருக்காவது இப்படிக் கால் இருக்கா?"

நான் வாசலைக் காட்டினேன். அப்பா உள்ளே வந்தார். முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, முன்பாதம் தட்டென்று தரையில் விழ, எப்போதும் போல நடந்து வந்தார். அவர் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எங்க வம்சத்துக் காலே இப்படித்தான் சார். எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான்" என்றார் அப்பா, ஏதோ மூக்கைப் பற்றிச் சொல்வது போல.

அடுத்து நரம்புச் சோதனை. நரம்பு வழியாகச் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது அது. கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்துத் திரையில் கோடு எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். கையில் கோடு சோம்பேறித்தனமாக எழும்பியது. காலில் எழும்பவே இல்லை. சோதனை செய்த பெண் ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். "ஒயர் சரியாத்தான்க்கா இருக்கு" என்று அவள் தயங்கிச் சொன்னபோது அவள்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

வியாதியின் பெயர் சார்கோ-மேரி-டூத். பின்னால் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "காலு வியாதிக்கு எதுக்குடி பல்லு பேரு?" என்று கேட்டாள். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்டுபிடித்த மூன்று டாக்டர்களின் பெயர் அது. பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நரம்பு வியாதி. உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. அதனால் முதலில் அவைதான் கெடும், பிறகு கை. பாதத்தை மேலே தூக்கும் தசையும் வெளிப்பக்கம் திருப்பும் தசையும் சோர்ந்துபோக, உள்பக்கம் இழுக்கும் தசை மட்டும் பலத்தோடு மிஞ்சுகிறது. எதிர்த்து இழுக்க ஆளில்லாத கயிறு மாதிரி அது வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து எலும்பையே வளைத்துவிடுகிறது.

"நரம்பச் சரிபண்ண இன்னைக்கு மருந்து கிடையாது. அத நான் மறைக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா வளைஞ்ச எலும்ப நேராக்கலாம். உள்பக்கம் இழுக்குற தசைநாரை எடுத்து மேல்பக்கம் மாத்தி வைக்கலாம். பாதம் தரையில பதியும், கணுக்கால் மடங்காது. மொதல்ல வலது கால், அப்புறம் இடது."

"இத முன்னாடியே பாத்திருந்தா, சார்?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுலயே பாத்திருந்தா பயிற்சி, ஷூ, காலுக்கு ஸ்பிளிண்ட்டுன்னு ரொம்ப வருஷம் ஓட்டியிருக்கலாம். ஆபரேஷனும் சின்னதா முடிஞ்சிருக்கலாம்."

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். யாரும் பெரிய மிஷின் வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு மரக்கட்டையும் ஒரு கேள்வியும் போதுமாக இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்டது, "யாருகிட்டயாவது சொன்னியா?" என்றுதான்.

என் தங்கை பவித்ராவுக்கு அப்போது ஆலங்குடியில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பவித்ரா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் பாதமும் லேசாக உயர்ந்ததுதான், அடிக்கடி கணுக்கால் பிசகும். டாக்டர் அவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

"கல்யாணம் முடியட்டும். பரம்பரை வியாதின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நீ வண்டியிலருந்து விழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நான் வண்டி ஓட்ட மாட்டேன்னு ஊருக்கே தெரியும்மா."

"கத்துக்கிறப்ப விழுந்துட்டேன்னு சொல்லு."

பவித்ராவைப் பார்த்தேன். அவளுக்காகத்தான் சரி என்றேன். ஆனால் ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

அம்மாவுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. அட்மிஷன் போட்ட அன்று நர்ஸ் என்ன பிரச்சனை என்று கேட்க, சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"ஸ்கூட்டியிலருந்து விழுந்துட்டா சிஸ்டர்."

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "எந்த எடத்துல?"

"கட்டுமாவடி ரோட்டுல."

"வண்டி நம்பர்? எதிர்க்க ஏதும் வண்டி வந்துச்சா? விபத்துன்னா போலீசுக்குத் தகவல் கொடுக்கணும்மா. அவங்க வந்து வாக்குமூலம் வாங்குவாங்க."

அம்மா அவசரமாகக் கையை ஆட்டினாள். "அவ்ளோ பெருசால்லாம் இல்ல சிஸ்டர், லேசாத்தான் விழுந்தா."

"நான் விழவே இல்ல சிஸ்டர். பரம்பரை நரம்பு வியாதி, பாதத்துக்கு ஆபரேஷன்" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செலவு போய்விடும் என்றார்கள். அதற்கு வெளியே வந்த செலவுகளுக்குச் சரவணன் ராத்திரி லோடும் எடுத்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். குதிகால் எலும்பை அறுத்து வெளிப்பக்கமாக நகர்த்தி ஸ்க்ரூ போட்டார்கள். பெருவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்தார்கள். தசைநாரை இடம் மாற்றினார்கள். விரல்களை நிமிர்த்திக் கம்பி செருகினார்கள். ரம்பம் அறுக்கிற சத்தமும் சுத்தியல் தட்டுகிற சத்தமும் தச்சுப் பட்டறையில் படுத்திருப்பது போல் கேட்டன. மயக்க டாக்டர் என் தலைமாட்டில் நின்று, மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு எதுவரை சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பன்னிரண்டு வரை என்றேன். சொல்லுங்க பார்ப்போம் என்றார். சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் அழுகை வந்தது.

மரப்பு விட்ட பிறகு வந்த வலியை எழுத எனக்குத் தெரியவில்லை. "ஒங்களுக்குத்தான் கால்ல உணர்ச்சி கம்மியாச்சே, அப்புறம் எப்படி இவ்ளோ வலிக்கும்?" என்று ஒரு பயிற்சி நர்ஸ் உண்மையாகவே சந்தேகப்பட்டாள். தோலில் உணர்ச்சி குறைந்தால் வலியே இல்லை என்று அர்த்தமில்லை, எலும்பு வலி வலிக்கத்தான் செய்யும் என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் ஊசி வந்தது. டிராயிங் பின் குத்தியதைச் சொல்லாத கால், அறுத்ததை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

பவித்ராதான் கூட இருந்தாள். பெட்பேன் வைத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், சிக்கெடுத்து இரட்டைச் சடை போட்டுவிட்டு, "ஒன் கிளாஸ் புள்ளைங்க பாத்தா சிரிக்கும்" என்றாள். பெண்கள் வார்டில் பார்வை நேரம் தவிர ஆண்களை விடமாட்டார்கள். சரவணன் கீழே வேப்பமரத்தடியில் நின்று யாழினியைத் தோளில் தூக்கிக் காட்டுவார். அவள் ஜன்னலைத் தேடி, தப்பான ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமாவும் என்னைப் பார்க்க வந்தது அந்த நாட்களில்தான். அப்பா என் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மா பரபரவென்று எழுந்து இடம் கொடுத்தாள்.

"என்னம்மா தேனு, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அம்புட்டு வேகம்?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "வீட்டுல சின்னப் புள்ளய வச்சுக்கிட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"போனைப் பாத்துக்கிட்டே ஓட்டிருக்கும்" என்றார் தாய்மாமா.

"அதத்தான் நாங்களும் சொல்றோம் மதினி. சொன்னாக் கேட்டாத்தான?" என்றாள் அம்மா.

பெற்ற தாய் சொல்கிறாள். பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பொய்க்குள்ளும் தப்பு செய்தவள் நானாகவே இருக்க வேண்டியிருந்தது. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"அவ விழல" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா, "நீங்க சும்மா இருங்க" என்றாள்.

"சும்மா இருந்துதான் இம்புட்டுத் தூரம் வந்துச்சு." அப்பா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துப் பேசினார். "இது நரம்பு வியாதிம்மா. எங்கிட்டருந்து எம்புள்ளைக்கு வந்தது. அவ வேகமாவும் போகல, போனும் பாக்கல. எந்தத் தப்பும் பண்ணாத புள்ளய ஏன் பேசுறீங்க?" வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். குச்சி மாதிரியான கெண்டைக்கால், உயர்ந்த பாதம், மடங்கிய விரல்கள். வெளியாள் முன்னால் அவர் காலைக் காட்டி நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மா அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பவித்ராவின் கால் பக்கம் அவர் கண் போனது. பவித்ரா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததைத் தட்டில் வைத்துவிட்டு, செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்தாள்.

"பாத்துக்கங்க அத்தை. எனக்கும் இருக்கும்னுதான் நெனைக்கிறேன். இன்னும் டெஸ்ட் எடுக்கல."

அவர்கள் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. பொருத்தம் அமோகம் என்று தட்டு மாற்றும்போது சொன்னவரே அந்தத் தாய்மாமாதான். வியாதிக்குப் பயம் என்று சொல்லியிருந்தால்கூட நான் புரிந்துகொண்டிருப்பேன். அதையும் கிரகங்களின் தலையில் போட்டார்கள். மாப்பிள்ளை, அம்மாவை மீற முடியாது என்று ஒரு மெசேஜ் அனுப்பினார். பவித்ரா அதை என்னிடம் காட்டிவிட்டு, என் கட்டிலிலேயே தலை சாய்த்து வெகுநேரம் அழுதாள்.

அம்மா அப்பாவோடு பேசவில்லை. நான் அம்மாவைக் கேட்டேன், மறைத்துக் கட்டிக்கொடுத்தால் நாளைக்கு அவளைத்தானே பேசுவார்கள் என்று. அப்போதுதான் அம்மா சொன்னாள்: "எனக்கு யாருடி சொன்னா? மணவறையச் சுத்தி வாரப்பதான் ஒங்கப்பா கால நான் பாத்தேன். நான் வாழலையா?"

அம்மாமேல் இருந்த கோபம் அந்த இடத்தில் திசை மாறியது. அவளுக்குச் சொல்லாமல் விட்டவர்கள்மேல், அவளைக் கேட்கவே வைக்காமல் வளர்த்தவர்கள்மேல் போனது. வாழ்ந்தாள், சரி. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தால் என்னைச் சின்ன வயதிலேயே டாக்டரிடம் காட்டியிருப்பாள். மறைத்ததால் தப்பித்தது யார்? வியாதி மட்டும்தான்.

ஆறு வாரம் கால் ஊன்றாமல் இருந்தேன். கம்பிகளை எடுத்தார்கள், வேறு கட்டுப் போட்டார்கள், பிறகு அதையும் பிரித்தார்கள். இடது கால் இன்னும் பாக்கி இருக்கிறது. பவித்ரா தானே போய் டெஸ்ட் எடுத்தாள். இருக்கிறது, லேசாக. இப்போது செருப்புக்குள் ஒரு மெத்தை வைத்துக்கொள்கிறாள், பயிற்சி செய்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் காப்பி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறாள். சிலர் காப்பியை முடிக்காமலே எழுந்திருக்கிறார்கள். யாழினியை வருஷத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "தெரிஞ்சிருந்தா நீ புள்ள பெத்திருப்பியா?" என்று ஒரு சக டீச்சர் என்னைக் கேட்டார். என் மகளை என் மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார். பள்ளியில் நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

போன மாதம் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் ஸ்பிளிண்ட் கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்பக்கம் தொடங்கிப் பாதத்துக்கு அடியில் வரை வளைந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு அது. முன்பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும். அப்பாவின் வயதுக்கு ஆபரேஷன் வேண்டாம், இதுவே போதும் என்றார் டாக்டர். அதை மாட்டி, அதற்கு மேல் ஷூவும் போட்டுக்கொண்டார் அப்பா. வேட்டிக்குக் கீழே ஷூ. யாராவது சிரிப்பார்களோ என்று பார்த்தேன். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இருவரும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நான் கைத்தடியோடு, அவர் என் தோளைத் தொட்டபடி. கொஞ்ச தூரம் போனதும் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் நின்றார். அண்ணாந்து, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தைப் பார்த்தார்.

"இது எப்பம்மா கட்டுனாங்க?"

கடைக்குச் சரக்கு எடுக்க மாதா மாதம் அந்த ரோட்டில் நடந்தவர் அவர்.

"அது நான் காலேஜ் படிக்கிறப்பவே இருந்துச்சேப்பா."

"அப்படியா" என்றார். "கீழ பாத்து நடக்கலைன்னா விழுந்துருவேன்ல. மேல பாத்ததில்ல."

பஸ் வர நேரம் இருந்தது. அவர் அடுத்த கட்டடத்தைப் பார்த்தார், அதற்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், ஒரு மாடியில் காயப்போட்டிருந்த சேலைகளைப் பார்த்தார். அவசரமே படவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், அவர் பார்த்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றேன்.